அண்ணி ஒட்டிய நாற்பது தொப்பிகள்

என் அண்ணி தைத்த பொத்தான் கழன்று இதுவரை யாரும் பார்த்ததில்லை. சட்டை கிழியும், பொத்தான் போகாது. ஒருமுறை அண்ணனின் நீலச் சட்டை கதவுக் கொக்கியில் மாட்டி, மார்புப் பக்கம் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. அண்ணி ஓடி வந்து முதலில் பார்த்தது பொத்தானைத்தான். "பாருங்க, அசையல" என்றாள் பெருமையாக. சட்டையைத் தரை துடைக்கும் துணியாக்கினோம். அந்தப் பொத்தானை வெட்டி எடுக்க நான் கத்தரிக்கோலோடு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவளுக்குக் கை அழுத்தம். பொட்டலம் கட்டினால் நான்கு முடிச்சு போடுவாள். குழாயை மூடினால் மறுபடி திறக்க அண்ணன்தான் வரவேண்டும். எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பும் வந்த பின்பும் சேர்த்துப் பதினோரு வருடம் பை தைக்கும் தொழிற்சாலையில் இருந்தாள். அங்கே சூப்பர்வைசர் தினமும் அவளைத்தான் திட்டுவாராம். ஒரு தையல் போடும் இடத்தில் இவள் இரண்டு போடுவாள். மற்றவர்கள் முப்பது பை முடிக்கும்போது இவள் இருபதில் நிற்பாள். "பை தூக்கிட்டுப் போறப்ப நடுத்தெருவுல பிஞ்சா, அந்தப் பொம்பளை யாரைத் திட்டுவா? என்னைத்தானே?" என்பாள். யாரென்றே தெரியாத ஒருத்தி எங்கோ திட்டப் போகிறாள் என்று இங்கே பயப்படுகிற ஆளை நான் அவளிடம்தான் பார்த்தேன்.

அந்தத் தொழிற்சாலை மூடியதும் நான்தான் அவளை எங்கள் கம்பெனிக்குக் கூட்டி வந்தேன். "இவ்வளவு பொறுமையான கையை எங்க தேடினாலும் கிடைக்காது சார்" என்று முதலாளியிடம் அடித்துப் பேசிச் சேர்த்துவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயால் பின்னால் என்னென்ன பதில் சொல்ல வேண்டி வந்தது என்பதையும் நானே சொல்கிறேன்.

எங்களுடையது பதினைந்து பேர் வேலை செய்யும் சின்ன இடம். முன்பக்கம் அலுவலகம், நடுவில் பொருளை அழுத்தி வார்க்கும் அச்சு அறை, பின்னால் என்னுடைய சோதனை அறை. என் வேலை உடைப்பது. மற்றவர்கள் பார்த்துப் பார்த்துச் செய்வதை நான் வாங்கி வைத்து, மேலிருந்து இரும்புக் குண்டைப் போட்டு, எத்தனை அடி தாங்குகிறது என்று எழுதுவேன். ஏழு வருடமாக இதே வேலை. வீட்டில் ஒரு டம்ளர் கீழே விழுந்தால்கூட, "ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டு வராதேடி" என்று அண்ணன் கிண்டல் செய்வான்.

நாங்கள் செய்வது தலைக்கவசம். வேலை செய்யும் இடத்தில் போட்டுக்கொள்வது. எங்களுக்குள் அதைத் தொப்பி என்றுதான் சொல்வோம். அதை வடிவமைத்த என்ஜினியருக்கு நாங்கள் வைத்த பெயர் சிப்பிக்காரர். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு சிப்பி இருக்கும். புதிதாக ஆள் சேர்ந்தால் அவர் ஒரு வித்தை காட்டுவார். மேஜையில் ஒரு சாக்பீஸையும் சிப்பியையும் வைப்பார். சாக்பீஸை இரண்டு விரலால் ஒடிப்பார். சிப்பியைத் தரையில் வைத்து, ஷூவோடு ஏறி நிற்பார். சிப்பி அப்படியே இருக்கும். "ரெண்டும் ஏறக்குறைய ஒரே சரக்குதான். சுண்ணாம்பு. அடுக்கின விதம்தான் வேற" என்பார்.

சிப்பியின் உள்பக்கம் பளபளக்கிறதே, அதை வெட்டிப் பெரிய நுண்ணோக்கியில் பார்த்தால் செங்கல் சுவர் மாதிரி இருக்கும். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் தகடுகள், ஒன்றின் இணைப்பு மேல் மற்றொன்று உட்கார்ந்திருக்கும். அவற்றுக்கு நடுவே மெல்லிய பசைபோல ஒன்று இருக்கும். கடலில் கிடக்கும் பூச்சி அதைத் தானே சுரந்து வைக்கிறது. அந்தப் பசை இளகியது. ஓங்கி அடித்தால் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று துளி நகரும். உள்ளே நுழைந்த விரிசல் நேராக ஓட வழியில்லாமல் வளைந்து நெளிந்து, பாதி வழியில் சோர்ந்து நின்றுவிடும். சிப்பிக்காரர் இதைத்தான் எடுத்துக்கொண்டார். நகத்தளவு பீங்கான் தகடுகளைச் செங்கல் மாதிரி அடுக்கி, நடுவில் ரப்பர் போல இளகும் பசையைத் தடவி, சூட்டில் அழுத்தித் தொப்பி ஆக்கினார். கைக்கு லேசாக இருக்கும். ஐந்து கிலோ குண்டை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டாலும் மேலே ஒரு வெள்ளைத் தழும்புதான் விழும். நான் முதல்முறை போட்டுப் பார்த்தபோது நம்பாமல் மறுபடியும் போட்டேன்.

தகடு அடுக்குவதும் பசை தடவுவதும் அண்ணியின் வேலை. முதல் வாரமே அவளுக்கு அந்தப் பசை பிடிக்கவில்லை. ஒட்டிய இரண்டு தகடுகளை என்னிடம் கொண்டு வந்து, கட்டைவிரல் நகத்தால் நெம்பிக் காட்டினாள். பிரிந்து வந்தன.

"இதையா மனுஷன் தலையில வைக்கிறது?"

"அண்ணி, அது அப்படித்தான் இருக்கணும். விட்டுக்குடுத்தாத்தான் தாங்கும்."

"விட்டுக்குடுக்கிறது மனுஷங்களுக்கு. பசைக்கு என்ன வந்துச்சு?"

சிப்பிக்காரரிடமும் கேட்டிருக்கிறாள். அவர் கால் மணி நேரம் விளக்கியிருக்கிறார். தலையை ஆட்டிவிட்டு வந்து, "பெரிய படிப்புப் படிச்சவர். எனக்குப் புரியல, அவருக்குப் புரிஞ்சா சரி" என்றாள். நானும் அதோடு விட்டுவிட்டேன். அவள் விடவில்லை என்பது எனக்குத் தெரியாது.

எங்களிடம் ஒரு விதி உண்டு. இருபது தொப்பிக்கு ஒரு சாம்பிள். உள்ளங்கை அளவுக்கு ஒரு தட்டைத் துண்டு. அதே தகடு, அதே பசை, அதே சூட்டில் தொப்பிகளோடு சேர்த்துச் செய்ய வேண்டும். அதைச் சோதிப்பவர் தானே அச்சு அறைக்குப் போய் எடுத்து வர வேண்டும். அந்தத் துண்டை நான் உடைத்துப் பார்த்து, தாங்கினால் இருபது தொப்பிக்கும் கையெழுத்துப் போடுவேன். அண்ணி வந்த பிறகு நான் எடுத்து வரப் போவதை நிறுத்திவிட்டேன். பதினொன்றரை மணிக்குத் தேநீர் பிளாஸ்க்கோடு சாம்பிளையும் அவளே கொண்டு வந்து என் மேஜையில் வைப்பாள். வீட்டு ஆள்தானே. அவள் கையில் வாங்கினால் என்ன, நான் போய் எடுத்தால் என்ன என்று நினைத்தேன்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சுரங்கப்பாதை வேலைக்கு அறுபது தொப்பி கேட்டு ஆர்டர் வந்தது. மலையைக் குடைந்து ரயில் பாதை போடுகிறார்கள். அங்கேதான் என் அண்ணன் பாறையில் துளை போடும் வேலை செய்கிறான். வீட்டில் அன்று ஒரே சிரிப்பு. "எங்க வீட்டுப் பொம்பளைங்க ஒருத்தி செய்யறா, ஒருத்தி உடைக்கிறா, நான் போட்டுக்கிறேன்" என்றான் அண்ணன். முதல் இருபது போய்ச் சேர்ந்தது. அடுத்த இருபதும் போனது. மூன்றாவது இருபது அச்சிலிருந்து இறங்கிய காலையில்தான் நான் சொல்ல வந்தது நடந்தது.

அன்று அண்ணி கொண்டு வந்த சாம்பிள் கை தவறி விழுந்து ஓரத்துத் தகடு ஒன்று பெயர்ந்துவிட்டது. கை தவறியது எனக்குத்தான். சிதைந்த துண்டைச் சோதிக்கக் கூடாது. சரி, இருபதில் ஒன்று போனால் போகட்டும் என்று அடுக்கிலிருந்து ஒரு தொப்பியையே எடுத்து இரும்புத் தலை உருவத்தில் மாட்டினேன். குண்டை ஒரு மீட்டருக்கு ஏற்றி, கொக்கியை விடுவித்தேன்.

தொப்பி சிதறியது.

விரிசல் விட்டது என்று சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டு கல் தரையில் விழுந்த மாதிரி நாலா பக்கமும் தெறித்தது. ஒரு துண்டு என் கன்னத்தைக் கீறியது. இரும்புத் தலையின் உச்சியில் குண்டு பட்ட இடம் பளிச்சென்று தெரிந்தது. ஏழு வருடமாக உடைக்கிற எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஏதோ ஒன்று கெட்டுப்போயிருக்கும் என்று இன்னொன்றை மாட்டினேன். அதுவும் அப்படியே போனது. மூன்றாவதை அரை மீட்டரிலிருந்து போட்டேன். அதுவும் தாங்கவில்லை.

குனிந்து ஒரு துண்டை எடுத்து உடைந்த ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். எங்கள் தொப்பி உடைந்தால் ஓரம் படிக்கட்டு படிக்கட்டாக இருக்கும், விரிசல் தகடுகளைச் சுற்றி அலைந்த தடம். இது கத்தியால் வெட்டியது போல நேராக இருந்தது. தகடுகளைக் குறுக்கே பிளந்துகொண்டு போயிருந்தது. நகத்தால் நெம்பினேன். நகம்தான் ஒடிந்தது.

சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தது சிப்பிக்காரர். தரையில் கிடந்ததைப் பார்த்தார். என் கையிலிருந்த துண்டை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. "இது என் பசை இல்ல" என்றார். அவர் பின்னால் அண்ணி பிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணி, இதுக்கு என்ன பசை போட்டீங்க?"

அவள் என் கன்னத்து ரத்தத்தைப் பார்த்துவிட்டு முந்தானையால் துடைக்க வந்தாள். நான் கையைத் தட்டிவிட்டேன். "கேக்கிறேன்ல, சொல்லுங்க."

"இரும்புப் பசை" என்றாள்.

இரும்புப் பசை என்பது அச்சு எந்திரத்தின் அடிக்கட்டையைத் தரையோடு ஒட்டுவதற்கு வாங்கி வைத்தது. காய்ந்தால் கல். இதுவும் தேன் நிறம், அதுவும் தேன் நிறம். தடவினால் வித்தியாசம் தெரியாது.

"அது என்ன நகத்தால பிரியுற பசை" என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். யாரும் அதட்டவில்லை, அதனால் தைரியமாகத்தான் சொன்னாள். "இவ அண்ணன் போடப் போறாருன்னு தெரிஞ்சதும் எனக்கு மனசு கேக்கல. அவருக்கு ஒண்ணு மட்டும் பேர் எழுதி நல்ல பசையில செய்யலாம்னு எடுத்தேன். அதைச் செஞ்சு முடிச்சிட்டு அடுத்த தொப்பிக்குப் பழைய டின்னை எடுக்கக் கை வரல. நம்ம வீட்டு ஆளுக்கு மட்டும் கெட்டியா, ஊரார் பிள்ளைக்கு எப்படியோ போகட்டும்னா அது என்ன நியாயம்? எல்லாத்துக்கும் அதையே போட்டுட்டேன்."

நான் கையை நீட்டி நிறுத்தினேன். "எல்லாத்துக்கும்னா? இந்த இருபதுக்கும்தானே?"

"அறுபதுக்கும்."

"பொய் சொல்லாதீங்க. முதல் ரெண்டு சாம்பிளும் நான்தான் உடைச்சேன். நல்லாத் தாங்குச்சு."

"அதுக்கு அந்த ரப்பர் பசைதான் போட்டேன்" என்றாள் அண்ணி. "எப்படியும் நீ உடைக்கப் போற துண்டு. அதுக்கு எதுக்கு நல்ல பசையை வீணாக்கணும்?"

இப்படி ஒரு தப்பை யாராவது திட்டம் போட்டுச் செய்ய முடியுமா? உடையப் போகிற துண்டுக்குச் சரியான பசை. தலையில் போகிற தொப்பிக்குத் தப்பான பசை. அத்தனையும் நல்ல மனசோடு. நடுவில் நான் வேறு, தேநீர் குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நானே அச்சு அறைக்குப் போய் எடுத்திருந்தால், அவள் சாம்பிளுக்கு மட்டும் வேறு டின்னைத் திறப்பதை என் கண் பார்த்திருக்கும்.

சிப்பிக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "அம்மா, தகடு நகரணும். அது நகர முடியாம கட்டிப் போட்டுட்டீங்க. இப்ப அது சிப்பி இல்ல, சாக்பீஸ்" என்றார். அண்ணி தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிளாஸ்க்கை என் மேஜையில் வைத்தாள். "அப்ப அவர் தலையில இருக்கிறது?" என்றாள். சிப்பிக்காரர் போனை எடுத்தார்.

சுரங்கத்துக்குள் கைப்பேசி எடுக்காது. வெளியே இருக்கும் அலுவலகத்துக்குச் சிப்பிக்காரர் ஸ்பீக்கரில் போட்டுப் போன் செய்தார். ஷிப்ட் பொறுப்பாளர்தான் எடுத்தார். "சார், சோதனைப் பேப்பர் என் முன்னாடி இருக்கு. பாஸ்னு போட்டிருக்கு. உங்க ஆபீஸ்ல என்ன குழப்பமோ, அதுக்காக நான் வேலையை நிறுத்த முடியாது. மேல்கூரையில தளர்ந்த கல்லைத் தட்டி விட்டுட்டிருக்காங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். தளர்ந்த கல் என்ற வார்த்தை எனக்கும் கேட்டது, அண்ணிக்கும் கேட்டது.

கம்பெனி வேனில் மூன்று பேரும் ஏறினோம். உடைந்த துண்டுகளை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். முக்கால் மணி நேரப் பயணம். வழியெல்லாம் நான் அண்ணியைத் திட்டினேன். திட்டித் திட்டி வாய் வலித்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவள் கை மட்டும் வெளுத்துப் போயிருந்தது. ஒரு கட்டத்தில் என்னை அறியாமலே அந்தக் கை மேல் என் கையை வைத்துக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தேன்.

சுரங்க வாயில் ஒரு பெரிய சிமெண்ட் வளைவு. பக்கத்தில் தகர ஷெட்டில் பொறுப்பாளரின் அலுவலகம். அவர் எங்கள் பையைத் திறந்து துண்டுகளைப் பார்த்தார். பிறகு பேப்பரைத் திருப்பி என் பக்கம் நீட்டினார்.

"இது யாரோட கையெழுத்து?"

"என்னோடதுதான் சார்."

"அன்னிக்குப் பாஸ்னு எழுதினது நீங்க. இன்னிக்கு ஃபெயில்னு சொல்றதும் நீங்க. எதை நம்பறது?"

நான் இன்னொரு துண்டை எடுத்து அவர் முன் வைத்தேன். சிப்பிக்காரர் தகடு, விரிசல் என்று விளக்க ஆரம்பித்தார். பொறுப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அண்ணி வெளியே போய்விட்டாள். வாயில் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியருகே அண்ணனோடு வேலை செய்யும் நெட்டை நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். இரண்டு மூன்று முறை எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறான். "என்ன அண்ணி, இந்தப் பக்கம்?" என்று சிரித்தான். அவள் அவன் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றினாள். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. அதைக் கொண்டுவந்து ஷெட் வாசலில், பொறுப்பாளர் கண்ணெதிரே தரையில் கவிழ்த்து வைத்தாள். சுவரில் சாய்த்திருந்த கடப்பாரையை எடுத்தாள். ஒரு சாமானையும் தன் கையால் உடைத்துப் பழக்கமில்லாத பொம்பளை, ஓங்கி ஒரே ஒரு குத்து குத்தினாள்.

தொப்பி ஆறேழு துண்டாகப் பிரிந்தது. ஒரு துண்டு உருண்டு போய் நெட்டையின் காலடியில் நின்றது. நெட்டை தன் வெறுந்தலையை மெதுவாகத் தடவிப் பார்த்துக்கொண்டான். "இது போனவாரம் குடுத்த புதுத் தொப்பி" என்றான். பொறுப்பாளர் யாரிடமும் எதுவும் கேட்காமல் போய் அபாயச் சங்கை அழுத்தினார்.

உள்ளேயிருந்து ஆட்கள் வர வரத் தொப்பியைக் கழற்றி வாசலில் வைத்தார்கள். நான் எண்ணினேன். எண்ணுவது ஒன்றுதான் அப்போது என்னால் முடிந்தது. சாம்பல் நிறத் தொப்பிகள் முப்பத்தெட்டு. அண்ணி உடைத்தது ஒன்று. இன்னும் ஒன்று வர வேண்டும். அண்ணன் வரவில்லை.

"கடைசி முகப்புல, பாறை குடையுற இடத்துல இருக்கான். ட்ராலி போயிருக்கு" என்றார் பொறுப்பாளர். அண்ணி வளைவின் கீழே போய் நின்றாள். உள்ளே வரிசையாக விளக்குகள், அதற்கப்பால் ஒன்றும் தெரியவில்லை. எங்கோ கல் உதிரும் சத்தம் கேட்டது. இருபது நிமிடம் இருக்கும். எனக்கு அது எப்படிப் போனதென்று தெரியாது.

ட்ராலி வந்தது. அண்ணன் அதிலிருந்து முழுசாக இறங்கினான். நான் அங்கேயே ஒரு மண் குவியலில் உட்கார்ந்துவிட்டேன். சிப்பிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். உயிர் திரும்பி வந்தது என்று சொல்வார்களே, அதுதான். பிறகுதான் அவன் தலையைப் பார்த்தேன். தலையில் இருந்தது எங்கள் தொப்பி இல்லை. வெளுத்துப்போன பழைய மஞ்சள் பிளாஸ்டிக் தொப்பி.

"உங்க தொப்பி எங்க?" என்றாள் அண்ணி.

அண்ணன் என்னைப் பார்த்தான், வாசலில் கிடந்த தொப்பிகளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஷெட்டுக்குப் பின்னால் போய்த் தன் பெட்டியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டு வந்தான். உள்ளே அவள் முதன்முதலாக இரும்புப் பசை போட்டுச் செய்த தொப்பி. இரண்டாகப் பிளந்து, சுற்றிலும் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

"பெஞ்சுல இருந்து கீழ விழுந்துச்சு. முழங்கால் உயரம்கூட இருக்காது. ரெண்டாப் போச்சு. ரெண்டு நாள் டேப் சுத்திப் போட்டுப் பார்த்தேன், நிக்கல. அப்புறம் ஸ்டோர்ல கெஞ்சிப் பழசை வாங்கிக்கிட்டேன்."

"எப்ப விழுந்துச்சு?"

"ஒன்பது நாளாச்சு."

ஒன்பது நாளும் சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டிருக்கிறாள், நான் காதால் கேட்டிருக்கிறேன். "தொப்பி எப்படி இருக்கு?" என்பாள். "உன் கை பட்டதாச்சே, இரும்பு" என்பான். இரண்டாவது இருபது தொப்பி இங்கே வந்து சேர்ந்து ஆறு நாள்தான் ஆகிறது. அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த இருபதும் என் மேஜையைத் தாண்டியிருக்காது. முதல் இருபதும் அன்றே திரும்பி வந்திருக்கும்.

"ஏன் சொல்லல?" என்று நான்தான் கத்தினேன்.

"எப்படிச் சொல்றது? ஆசையா அவ கையால செஞ்சது. உடைஞ்சு போச்சுன்னா மனசு ஒடிஞ்சிடுவா. என்னோடது மட்டும் ஏதோ சரியா அமையலன்னு நினைச்சேன்."

அண்ணி டேப் ஒட்டிய தொப்பியைக் கையில் வாங்கிப் பிளவைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நான் தெரியாம செஞ்சேன்" என்றாள். "அது பெரிய பாவம்தான், இந்த நாற்பது பேரும் என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன். ஆனா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. முழங்கால் உயரத்துல உடையுதுன்னு தெரிஞ்சு, உங்களுக்கு மட்டும் வேற தொப்பி தேடி வாங்கிட்டீங்க."

சுற்றிலும் எல்லோரும் வெறுந்தலையோடு நின்றுகொண்டிருந்தார்கள். தலைமுடியில் கல்தூசி. நெட்டைதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அண்ணன் முன்னால் வந்தான். சண்டைக்கு வந்த மாதிரி இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலத்தான் கேட்டான்.

"நேத்து முகப்புல மேல இருந்து கல்லு உதிர்ந்துச்சே. யாராவது போய்த் தட்டி விடணும்னப்போ, 'உன் தொப்பி புதுசுடா, நீ முன்னாடி போ'ன்னு என்னை அனுப்பினே. அப்ப அது உனக்குத் தெரியுமா?"

அண்ணன் தலையிலிருந்த மஞ்சள் தொப்பியை மெல்லக் கழற்றினான். அண்ணி டேப் ஒட்டிய தொப்பியை அவன் காலடியில் வைத்துவிட்டு, நெட்டை நின்ற பக்கம் போய் நின்றாள்.